பூனைத் துணியைத் தைத்தவர்

அந்தத் துணிக்கு எங்களிடம் பெயர் கிடையாது. முகப்பைத் தடவினால் பூனைக்குட்டியின் வயிறு. திருப்பிப் போட்டால் பனியன் பின்னல். குறுக்கே இழுத்தால் ஒரு சாண் துணி ஒன்றேகால் சாணாக நீளும், விட்டால் சுருங்கிக்கொள்ளும். பக்கத்து டீக்கடை யஹ்யா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பூனைத் துணிலா இது" என்றான். பிறகு எல்லாருக்கும் அதுவே பெயராகிவிட்டது.

1952-ல் மலாயாவில், திகாம் பத்து என்ற ஊரின் கடைத்தெருவில் நான் தையல் கடை வைத்திருந்தேன். கீழே கடை, மேலே நானும் என் மனைவி அஜீசாவும் நான்கு வயது மகள் ரஹீமாவும் குடியிருந்தோம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அரசு அறிவித்த அவசரகாலம் தொடங்கி நான்கு வருடம் ஆகியிருந்தது. குருண் சாலையில் லாரி எரிவதும், தோட்டங்களைச் சுற்றி முள்வேலி ஏறுவதும், வாசலில் போலீஸ்காரர் நின்று சைக்கிள் டியூபைக்கூட அமுக்கிப் பார்ப்பதும் பழகிப்போயிருந்தன. ஆனாலும் மனிதர்களுக்கு உடுப்பு வேண்டுமே. கெட்டியான தையலுக்கு அன்சார் டைலர் என்று சுங்கை பட்டாணி வரைக்கும் எனக்குப் பெயர் இருந்தது.

துணியைக் கொண்டுவந்தவள் பிச்சையம்மாள். இரண்டு மைல் தள்ளியிருந்த தோட்டத்தில் பெரிய துரையின் பங்களாவில் ஆயா. துரைசானி சொன்னது பாதி, தன் சொந்தச் சரக்கு பாதி என்று கலந்துதான் எதையும் சொல்வாள். தோட்டத்து லாரியிலிருந்து இறங்கி, மூட்டையை என் மேசையில் போட்டு அவிழ்த்தாள்.

"டைலர் அண்ணே, பிள்ளைங்க ரெண்டும் கப்பல்ல சீமைக்குப் போவுது. அங்க குளிராம். ரெண்டு பஞ்சுப் போர்வை வேணும். மேல இது, நடுவுல பஞ்சு, அடியில இந்த மெத்து மெத்துத் துணி. மூணையும் சேத்து மெஷின்ல கட்டம் கட்டமா தைக்கணும்."

மேலே போடவேண்டியது, பழைய கவுன் துணிகளைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி ஒட்டுப் போட்ட விரிப்பு. இரண்டு விரிப்புகள் இருந்தன. நூற்றுக்கணக்கான சதுரங்கள், எல்லாம் கைத்தையல்.

"இது துரைசானியோட அம்மா கையால தைச்சது. அந்தம்மா போன வருஷம் செத்துப்போச்சு. நீங்க கிழிச்சு வச்சீங்க, துரைசானி அழும். துரைசானி அழுதா துரை கத்துவாரு. துரை கத்துனா நாங்க எல்லாரும் சாவணும்."

"அன்சார் கையில கொடுத்துட்டு பயம் எதுக்கு?" என்றேன்.

"கையைப் பாத்துத்தான் பயம்" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிக்கொண்டாள்.

துணியை விறைப்பாக இழுத்துப் பிடித்துத் தைப்பது என் வழக்கம். சட்டை, கால்சட்டை, நாற்காலி உறை, எதுவானாலும் அப்படித்தான். பூனைத் துணியையும் அப்படியே செய்தேன். பெரிய பலகையில் விரித்து, நான்கு பக்கமும் இழுத்துச் சின்ன ஆணி அடித்தேன். மத்தளத் தோல் போல நின்றது. அதன்மேல் பஞ்சு, அதன்மேல் ஒட்டுவிரிப்பு. மூன்றையும் சேர்த்து நீள நீளமாகக் கச்சாத் தையல் போட்டு, ஆணியைப் பிடுங்கி, மெஷினுக்கு எடுத்துப் போனேன். ஆணி போனதும் அடித்துணி தன் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்த்தது. நான் விடவில்லை. கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே ஓரத்திலிருந்து ஐந்து வரிசை தைத்தேன். மெஷினின் பல் அந்த மயிரைக் கவ்விக் கவ்வி அடித்துணியை ஒரு வேகத்தில் தள்ளியது. மேல்விரிப்பு வேறு வேகத்தில் வந்தது. எடுத்து உதறிப் பார்த்தால் எண்ணெயில் போட்ட அப்பளம். ஒரு மூலை என்னைப் பார்த்து எழுந்து நின்றது.

இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்தேன். துணியின் மயிர் கடை முழுக்கப் பறந்தது. மூக்கில், தேநீரில், தாடியில்.

யஹ்யா தன் கடையில் ரொட்டி சானாய்க்கு மாவை வீசிக்கொண்டே கத்தினான்: "என்ன அன்சாரு, ஒரு வாரத்துல தாடி நரைச்சுப்போச்சு?"

"வாயை மூடிட்டு ரொட்டியைப் போடு."

"நீயும் ரொட்டிதான் போடுறே போல. இழுக்குறே, சுருங்குது. இழுக்குறே, சுருங்குது. மாவை ஊற விடாம வீசுனா அப்படித்தான்லா."

தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். பின்கட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் அஜீசாவும் கேட்டிருக்கிறாள்.

அன்று மதியம் சோறு வைக்கும்போது சொன்னாள்: "மச்சான், யஹ்யா அண்ணன் சொன்னது விளையாட்டு இல்ல. அந்தத் துணியை இழுக்காம ஒரு நாள் சும்மா விரிச்சுப் போட்டா என்ன? அது எவ்வளவு அளவுல கிடக்க விரும்புதோ அவ்வளவுல கிடக்கட்டும். மேல் துணியை அதுக்குத் தக்கன வைப்போம்."

"துணிக்கு விருப்பம் வேற இருக்கா?"

"ஒரு துண்டுல நான் தைச்சுப் பாக்கட்டா?"

"நீ தலையணை உறையைத் தை."

அவளுக்கு மெஷினில் உட்காரச் சொல்லிக்கொடுத்தவன் நான். கலியாணமான புதிதில், லுங்கி மூட்டுவதற்கும் தலையணை உறை தைப்பதற்கும். அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது என் எண்ணம். தெரியவேண்டிய தேவை என்ன இருக்கிறது என்பதும்.

மறுநாள் தடித்த ஊசி வாங்க சுங்கை பட்டாணிக்குப் பஸ்ஸில் போனேன். வழியில் இரண்டு இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள். நான் திரும்பி வந்தபோது மாலையாகிவிட்டது. மெஷின்மேல் ஒரு முழம் அளவுத் துண்டு ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. பூனைத் துணியின் கழிவு, பஞ்சு, என் பழைய சட்டைத் துணி, மூன்றும் சேர்ந்தது. எடுத்து விரித்தேன். தட்டையாக, தண்ணீரில் போட்ட இலை மாதிரி கிடந்தது. கட்டங்களின் மூலைகள் ஒன்றோடொன்று சரியாகச் சந்தித்தன. திருப்பினேன். அடித்துணியில் ஒரு மடிப்பு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை.

எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. அதை எழுதத்தான் வேண்டும். வேலை கெட்டுவிடுமோ என்று மூன்று நாளாகச் சரியாகத் தூங்காதவனுக்கு, வழி கிடைத்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும். நான் செய்தது என்ன? அந்தத் துண்டை விளக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பிழை தேடினேன். நூல் எங்காவது தளர்ந்திருக்கிறதா, தையல் எங்காவது தாண்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு வரிசையாக விரல் வைத்துப் பார்த்தேன். குறுக்கே இழுத்தேன், நெடுக்கே இழுத்தேன். ஒரு நூல்கூட அறவில்லை. தையலை நீளமாக விட்டிருந்தாள், துணி நீளும்போது நூலும் கொடுப்பதற்காக. அது எனக்குத் தோன்றவில்லையே என்ற எரிச்சலில் துண்டைக் கசக்கி மேசைக்கு அடியில் போட்டேன்.

"எப்படி வந்துச்சு மச்சான்?" என்று மேலிருந்து கேட்டாள்.

"சுமார்" என்றேன்.

பிறகு அவளே இறங்கிவந்து சொன்னாள். மெஷின் பாதத்தின் அழுத்தத்தை மேல் திருகில் தளர்த்திவிட்டிருந்தாள். ஓரத்திலிருந்து தொடங்காமல் நடுவிலிருந்து வெளியே தைத்துக்கொண்டு போயிருந்தாள். எல்லாவற்றையும்விட முக்கியமானது தாள். மெஷினின் பல் மயிரைக் கவ்வாமல் இருக்க, அடித்துணிக்கும் பல்லுக்கும் நடுவில் மெல்லிய தாளைப் போட்டு, தாளையும் சேர்த்தே தைத்திருந்தாள். தைத்து முடிந்ததும் தையலோரமாகக் கிழித்தால் தாள் வந்துவிடும்.

"எந்தத் தாள்?"

"சீனர் கடையில நெத்திலி மடிச்சுக் கொடுப்பாங்கல்ல, அந்தத் தாள்தான். அழுக்கில்லாததாப் பார்த்து ஒரு கட்டு கேட்டு வாங்கினேன். செய்தித்தாள் வச்சா மை ஒட்டும். இதுல ஒட்டல, பாருங்க."

சீனப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தூரிகையால் எழுதிப் பழகும் தாள் அது. வருட முடிவில் கழிவாகக் கடைகளுக்கு வந்துவிடும். மெல்லியது, மெத்தென்றிருக்கும். அதில் கறுப்பில் பெரிய பெரிய சீன எழுத்துகள். எங்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு எழுத்தும் தெரியாது.

மெஷினை மாடிக்கு ஏற்றினேன். கடையில் வேறு மெஷின் இல்லாததால் அந்தப் பத்து நாளும் கீழே பொத்தான் தைப்பது, காஜா போடுவது என்று கைவேலையாகச் செய்துகொண்டிருந்தேன். மேலே மிதி ஓடும் சத்தம் தெருவுக்கே கேட்டது.

"என்ன பாய், மாடியில யாரு?" என்றான் யஹ்யா.

"வீட்டுல தலையணை உறை தைக்கிறா."

"பத்து நாளாவா? எத்தனை தலைலா உங்க வீட்டுல?"

"பூனைத் துணி என்னாச்சு?" என்று யாராவது கேட்டால், "நடக்குது. வழி கண்டுபிடிச்சிட்டேன்" என்பேன். கண்டுபிடித்தேன் என்று நான் சொன்னது மாடிக்குக் கேட்டிருக்கும். பலகைத் தரைதான். மிதி ஒரு நொடிகூட நிற்கவில்லை. அவள் நின்று, இறங்கிவந்து, ஒரு சொல் கேட்டிருந்தால் எனக்குச் சண்டைபோட ஒரு காரணம் கிடைத்திருக்கும். அதையும் அவள் கொடுக்கவில்லை என்று அதற்கும் பொருமினேன்.

சில சமயம் படியேறிப் போய்க் கதவருகில் நின்று பார்ப்பேன். அவள் துணியைப் பிடிக்கமாட்டாள். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அதன்மேல் வைத்திருப்பாள், காய்ச்சல் அடிக்கும் பிள்ளையின் நெற்றியில் வைப்பது போல. துணி தானாகவே போய்க்கொண்டிருக்கும். பதினாறு வருடம் மெஷினில் உட்கார்ந்தவன் நான். எனக்கு அப்படி ஒரு நாளும் துணி போனதில்லை. அவள் கைகளையே பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகு, "ரஹீமா அழறா, கேக்கலையா?" என்று எதையாவது சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். பிள்ளை அழுதிருக்கமாட்டாள்.

முதல் போர்வை முடிந்தது. அதை என் மடியில் வைத்து ஒரு சின்னச் சாமணத்தையும் கொடுத்தாள்.

"தாளைக் கிழிச்சிட்டேன். ஆனா தையலுக்கு அடியில துணுக்கு துணுக்கா நிக்குது. மயிருக்குள்ள இருக்கறதால கண்ணுக்குத் தெரியாது, கையால தடவித்தான் எடுக்கணும். நான் ரெண்டாவதை ஆரம்பிக்கிறேன். நீங்க இதை மட்டும் எடுத்திடுங்க மச்சான்."

அது எடுபிடி வேலை. அவள் தைத்ததற்கு நான் துணுக்குப் பொறுக்குவதா? ஓரத்து வரிசைகள் நான்கில் எடுத்தேன். நடுப்பகுதியைத் தடவினேன், அடர்ந்த மயிருக்குள் எதுவும் தெரியவில்லை. அப்படியே மடித்துவிட்டேன்.

"எல்லாம் எடுத்தாச்சா?"

"ஆச்சு."

மறுநாள் காலை பத்து மணி போல, போர்வையை வெள்ளைத் துணியில் சுற்றி சைக்கிளில் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். வழியெல்லாம் ஒரு காட்சியை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். துரைசானி போர்வையைத் தடவிப் பார்த்து, "யார் தைத்தது?" என்று கேட்பாள். நான் தலையை ஒரு பக்கம் சாய்த்து, பெரிதாக ஒன்றுமில்லை என்பது போல, "நான்தான் மேடம்" என்பேன். அந்தத் தலைச் சாய்ப்பைக்கூட சைக்கிளிலேயே பழகிக்கொண்டேன்.

தோட்டத்து வாசலில் முள்வேலிக் கதவு, மணல்மூட்டை, ஒரு மேசை. காவலுக்கு நின்றவர் ஒரு மலாய் ஸ்பெஷல் போலீஸ்காரர். காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி போகக்கூடாது, மருந்து போகக்கூடாது, கடிதம் போகக்கூடாது. மூட்டைகளைக் குத்திப் பார்க்க அவர் கையில் கூராக்கிய சைக்கிள் கம்பி ஒன்று இருந்தது. பொதியை வாங்கிக்கொள்ள பிச்சையம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றிருந்தாள்.

"ஐயோ, குத்திறாதீங்க! துரைசானி சாமான்!" என்று கத்தினாள்.

அவரும் நல்ல மனிதர்தான். கம்பியைக் கீழே வைத்துவிட்டு, போர்வையை மேசைமேல் விரித்துக் கையால் தடவினார். மயிர் படிந்திருக்கும் திசையில் தடவியவரை ஒன்றுமில்லை. பிறகு எதிர்த்திசையில் தடவினார். மயிர் எழுந்தது. அதனடியில் வெள்ளையாக ஒரு துணுக்கு. நகத்தால் இழுத்தார். கறுப்புக் கோடுகள் தெரிந்தன. இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நடு வரிசைகள் முழுக்க, தையலுக்கடியில், சீன எழுத்து போட்ட துண்டுத் தாள்கள்.

அவர் ஊதலை எடுத்து ஊதினார். பக்கத்துப் போலீஸ் முகாமிலிருந்து வெள்ளைக்கார சார்ஜெண்ட் வந்தார். கூடவே கணக்கு எழுதும், சீனம் தெரிந்த போலீஸ் கிராணி ஒருவர். துணுக்குகளை மேசையில் வரிசையாக வைத்து அவர் ஒவ்வொன்றாகப் படித்து மலாயில் சொன்னார்: "மலை. ஆறு. வாசல். மூன்று. ஆள். கீழே."

சார்ஜெண்டின் முகம் சிவந்தது. மலாய்க்காரர் என் பக்கம் திரும்பி, போர்வையைக் காட்டிக் கேட்டார்: "சியாப்பா ஜாஹித்?"

யார் தைத்தது?

பத்து நாளாகப் பதில் தயாரித்து வைத்திருந்த கேள்வி. தெரு முழுக்க நானே பதில் சொல்லி வைத்திருந்த கேள்வி. துப்பாக்கி இரண்டு என் பக்கம் திரும்பியிருந்தது. நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியது.

"பினி சாயா" என்றேன். என் மனைவி. அவர் கேட்டு முடித்தாரோ இல்லையோ, கையைத் திகாம் பத்து பக்கம் நீட்டி, "பினி சாயா, பினி சாயா. எனக்கு ஒன்றும் தெரியாது. பெயர் அஜீசா. கடைக்கு மேல் மாடியில் இருக்கிறாள்" என்று மலாயில் ஒப்பித்தேன். யாரும் பெயர் கேட்கவில்லை. மாடி எது என்றும் கேட்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிச்சையம்மாள் என்னைப் பார்த்தாள். பிறகு பங்களா பக்கம் ஓடினாள்.

முகாமில் என்னை ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். ஜீப் போய் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. பலகைச் சுவரில் இடுக்கு இருந்தது. அஜீசா இறங்கியதை அதன் வழியாகப் பார்த்தேன். தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டு, கையில் ஒரு துணிப் பையோடு, பஸ்ஸிலிருந்து இறங்குவது போலத்தான் இறங்கினாள். பக்கத்து அறையில் அவளை விசாரித்தது முழுக்க எனக்குக் கேட்டது. கத்தினார்கள். அவள் கத்தவில்லை.

"தாள் எங்கே கிடைத்தது?"

"சீனர் கடையில. மிச்சமும் இருக்கு. இந்தாங்க."

பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து வைத்திருக்கிறாள். போலீஸ் வந்து தாளைப் பற்றிக் கேட்டதுமே, ரஹீமாவை யஹ்யா வீட்டில் விட்டுவிட்டு, மிச்சத்தையும் தைத்துக்கொண்டிருந்த இரண்டாவது போர்வையையும் சேர்த்து எடுத்துவந்துவிட்டாள். அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றியிருக்குமா? கிராணி தாள்களைப் புரட்டினார். ஒவ்வொரு தாளிலும் ஒரே எழுத்து பத்துத் தடவை, பிள்ளைக் கையெழுத்தில். மலை மலை மலை. ஆறு ஆறு ஆறு. நன்றாக வந்த எழுத்தைச் சுற்றி வாத்தியாரின் சிவப்பு வட்டம். கிராணி முதலில் சிரித்தார். பிறகு மலாய்க்காரர் சிரித்தார்.

சார்ஜெண்ட் சிரிக்கவில்லை. போர்வைக்கு எதற்குத் தாள் என்று அவருக்கு விளங்கவில்லை. அதற்குள் பிச்சையம்மாள் போய்ச் சொல்லி, துரைசானியே முகாமுக்கு வந்துவிட்டாள். அவள் சொன்னாள், என்னிடம் மெஷின் இருக்கிறது, இந்தப் பெண் செய்து காட்டட்டும்.

அப்படித்தான் நாங்கள் பங்களாவுக்குப் போனோம். என்னை வராந்தாவில் ஒரு போலீஸ்காரரோடு நிறுத்தினார்கள். அஜீசாவை உள்ளே கூட்டிப் போனார்கள். கண்ணாடி ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. அவள் முன்பின் தொடாத மெஷினில் உட்கார்ந்தாள். திருகைத் தளர்த்தினாள். ஒரு தாளைத் துணிக்கடியில் விட்டாள். கைகளை விரித்து வைத்தாள். துணி போயிற்று. துரை, துரைசானி, சார்ஜெண்ட், கிராணி, சமையல்காரர் எல்லாரும் சுற்றி நின்றார்கள். ஒரு வரிசை முடித்து, திருப்பி, தாளை ஒரே இழுப்பில் கிழித்துக் காட்டினாள். பிறகு மயிருக்குள் விரலை விட்டு, மிஞ்சிய துணுக்கு எப்படி ஒளிந்துகொள்கிறது என்று எடுத்துக் காட்டினாள்.

"நீ எடுக்கவில்லையா?" என்று யாரோ கேட்டிருக்க வேண்டும். பிச்சையம்மாள் மொழிபெயர்த்தாள்.

"என் கவனக்குறைவு" என்றாள் அஜீசா.

நான் எடுத்துவிட்டேன் என்று சொன்ன துணுக்குகள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

துரைசானி அவள் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். பெயர் என்ன என்று கேட்டு, இரண்டு தடவை சொல்லிப் பழகினாள். சார்ஜெண்ட் தொப்பியைக் கழற்றியிருந்தார். காலையில் நான் சைக்கிளில் ஓட்டிப் பார்த்த காட்சி முழுக்க என் கண்ணெதிரில் நடந்தது. நான் நின்றிருக்க வேண்டிய இடத்தில் அவள் நின்றாள். அவள் தலையைச் சாய்க்கக்கூட இல்லை. உயிர் பிழைத்தாளே என்று நான் அல்லாவுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டிய நேரம். என் நெஞ்சு முழுக்கப் புகைந்துகொண்டிருந்தது.

பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். துரைசானி கேட்டாள், பிச்சையம்மாள் சொன்னாள்: "டைலர் அண்ணே, வாரம் ரெண்டு நாள் அஜீசாம்மா இங்க வரணுமாம். கிளப்பு துரைசானிங்க எல்லாருக்கும் இந்த மாதிரி வேணுமாம். லாரி வரும், வாசல்ல பாஸ் போட்டுக் கொடுப்பாங்க. தனி மெஷின் வாங்கித் தராங்களாம்."

அஜீசா என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. கலியாணத்திலிருந்து அதுவரைக்கும் அவள் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. வாயால் அப்போதும் கேட்கவில்லை.

"எங்க பொம்பளைங்க வெளியே போய் வேலை செய்யறது வழக்கமில்ல" என்றேன்.

பிச்சையம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "காலையில வாசல்ல நின்னு பேர் சொன்னப்ப இந்த வழக்கம் எங்க போச்சு?" என்று தமிழில் கேட்டுவிட்டு, நான் சொன்னதை மட்டும் துரைசானிக்குச் சொன்னாள்.

இரண்டாவது போர்வையை வீட்டிலேயே முடித்துக்கொடுப்பதாக அஜீசா சொன்னாள். மாலையில் தோட்டத்து லாரி எங்களை ஊரில் விட்டது. பாதி வழியில் அவளே சொன்னாள்: "யார் தைச்சதுன்னு கேட்டப்ப நீங்க என் பேரைத்தான் சொன்னீங்களாம். போலீஸ்காரர் சொன்னாரு. அது போதும் மச்சான்."

நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டாவது போர்வைக்குப் பிறகு அவள் பெரிய துணி எதையும் தைக்கவில்லை. ஆனால் அந்தக் கதையைச் சொன்னாள். சித்தி என்ற பெயருடைய யஹ்யாவின் மனைவியிடம், குழாயடியில், கலியாண வீடுகளில், பிறகு மருமகனிடம், பேரப்பிள்ளைகளிடம். "உங்க தாத்தா வெள்ளைக்காரன் முன்னால நெஞ்சை நிமித்திக்கிட்டு, இது என் மனைவி தைச்சதுன்னு சொன்னாருலா" என்பாள். கேட்டவர்கள் என்னை மரியாதையோடு பார்ப்பார்கள். அந்தக் காலத்தில் எந்த ஆண் அப்படிச் சொன்னான் என்பார்கள். யஹ்யாகூட ஒருநாள், "உன்னைத் தப்பா நினைச்சிட்டேன் அன்சாரு" என்று டீ வாங்கிக் கொடுத்தான்.

போன வருடம் அவள் படுக்கையில் விழுந்தாள். பாக்கார் ஆராங்கில் ரஹீமாவின் வீட்டில் இருந்தோம். ஒரு பிற்பகல் வீட்டில் யாருமில்லை. "அஜீசா, அன்னைக்கு வாசல்ல..." என்று ஆரம்பித்தேன்.

"பிச்சையம்மா அன்னைக்கே சொல்லிட்டா" என்றாள். "பங்களாவுல எனக்கு டீ கொடுக்கும்போதே."

"பின்னே ஏன் நீ ஊரெல்லாம்..."

"வேலை என்னுதுன்னு ஊருக்குத் தெரியணும்ல? நானா சொன்னா, பொம்பளை அளக்குறான்னுவாங்க. புருஷன் வாயால சொன்னதுன்னா நம்புவாங்க. எனக்கு வேற சாட்சி யாரு?" சிறிது மூச்சு வாங்கிவிட்டு, "நீங்க சொன்னது பொய் இல்லையே மச்சான். சொன்ன விதம்தான் சரியில்ல" என்றாள்.

மூன்று நாள் கழித்து சித்தியும் அவள் பேத்திகளும் பார்க்க வந்தார்கள். அஜீசா தலையணையில் சாய்ந்துகொண்டு அந்தக் கதையை மறுபடியும் தொடங்கினாள். நெஞ்சை நிமிர்த்திய இடம் வந்ததும் நான் குறுக்கிட்டேன்.

"அது அப்படி இல்ல. எனக்குப் பயம். இவளைக் காட்டிக்கொடுத்திட்டு நான் தப்பிக்கப் பாத்தேன். தாளை எடுக்காம விட்டதும் நான்தான். பொறாமையில."

சித்தி கையைத் தட்டிச் சிரித்தாள். "பாத்தீங்களாடி, பெருமையை எப்படி ஒதுக்குறாரு!"

"எப்பவும் இப்படித்தான்" என்றாள் அஜீசா. "புகழ்ந்தா ஓடிப்போயிடுவாரு." பிள்ளைகளும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

வாழ்நாளில் ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னேன். அதையும் அவள் என்னைவிட நன்றாகத் தைத்து மூடிவிட்டாள் என்று எனக்கு அப்போதும் எரிந்தது. இருபத்தாறு நாள் கழித்து அவள் மவுத்தானாள்.

சித்தியும் பேத்திகளும் இன்னும் அவள் சொன்னதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். இரண்டு போர்வைகளையும் தைத்தது அஜீசா. வாசலில் நின்று அவளைக் காட்டிக்கொடுத்தது நான்.